இடது காது

என் அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. சுவரில் பல்லி இருந்தால் அந்த அறைப் பக்கமே போகமாட்டார். குளியலறையில் குழாய் சொட்டினால் முதலில் என்னை உள்ளே அனுப்பி, நான் உயிரோடு திரும்பி வந்தபிறகுதான் அவர் குளிக்கப் போவார். காலிங்பெல் அடித்தால் ஒருமுறை தூக்கிவாரிப்போடும். அடித்தது தபால்காரர்தான் என்று தெரிந்தபிறகு இன்னொருமுறை தூக்கிவாரிப்போடும். இப்படிப்பட்டவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? பேய்ப் படங்களுக்கு டிரைலர் வெட்டுவது. சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பேய்க்கத்திரி’.

“இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு இந்த வேலைக்கு ஏன் போனீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பசி தெரியாதவ சமைச்சா எப்படிம்மா இருக்கும்? அதே மாதிரிதான் இதுவும்” என்றார்.

அண்ணன் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்தவன். மூடின கொட்டகைக்குள் வருடக்கணக்கில் அந்தப் புகையை இழுத்து இழுத்து நெஞ்சு பாழாகிவிட்டது. வீட்டின் பின்னறையில் கட்டில், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், அதிலிருந்து அவன் மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய் என்று அவன் உலகம் சுருங்கியது. அவனைத் தனியே விடக்கூடாது என்று அண்ணி ஸ்டுடியோ வேலையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் திரைகளும் ஸ்பீக்கர்களுமாகப் பரப்பிக்கொண்டார். முன்னால் ஹாலில் நான், என் தையல் மிஷினோடு. பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என் பிழைப்பு. ரயில் பெட்டிபோல வரிசையாக மூன்று அறை, மூன்று பேர்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேய்களோடு உட்கார்ந்திருக்கிறவருக்குப் பின்னறையில் நடப்பது எப்படிக் கேட்கும்? அண்ணனால் உரக்கக் கூப்பிடவும் முடியாது. அதற்கு அண்ணி ஒரு வழி செய்தார். அண்ணன் தலைமாட்டில் ஒரு மைக்கை வைத்து, அதன் வயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்துத் தன் மேஜையில் இணைத்துக்கொண்டார். ஹெட்போனில் வலது பக்கம் படத்தின் சத்தம் வரும், இடது பக்கம் அண்ணன் மூச்சு வரும். “இடது காது உங்களுக்கு, வலது காது பேய்க்கு” என்று அவனிடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் குடித்தனம் அந்த வயரிலேயே நடந்தது. திரையில் ஒரு பெண் தலைவிரிகோலமாக அலறிக்கொண்டிருப்பாள். அண்ணி திடீரென்று எழுந்துபோய்ப் பின்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று அவன் முணுமுணுத்திருப்பான். தண்ணீர், தலையணை, கொசு, பழைய பட்டறைக் கதை எல்லாம் அந்த மைக்கில்தான். கேட்கிறவர்களிடம், “பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்லுவாங்க. நான் பேய்க்கத்திரிக்கே வாழ்க்கைப்பட்டவன். என்னால ஏற முடிஞ்சது இந்தக் கட்டில்தான்” என்பான்.

நெஞ்சு போனாலும் குறும்பு போகவில்லை. ஒருநாள் மைக்கைத் தொண்டையில் வைத்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் எழுப்பினான். அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடினார். அங்கே அவன் கொப்பளித்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “இனிமே இப்படி விளையாடினீங்க, வயரைப் பிடுங்கி அடுப்புல போட்டுடுவேன்” என்று கத்தினார். சத்தியம் செய்துகொடுத்தான். அண்ணி ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் மறுபடி நாற்காலிக்குப் போனார்.

எனக்கும் அந்த வேலையில் ஒரு பங்கு இருந்தது. அண்ணி ஒரு துண்டை வெட்டி முடித்ததும் ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திறந்துவிடுவார். முன்கூட்டிச் சொல்லமாட்டார். ஹாலில் என் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வெட்டு தேறவில்லை. மிதித்துக்கொண்டிருக்கிற என் கால் நின்றுவிட்டால் தேறிவிட்டது. இதுதான் அவருடைய அளவுகோல். அதனால் எத்தனை காலர் கோணிப்போனது என்பது எனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும்தான் தெரியும்.

ஆரம்பத்தில் நான் பேயைக் கண்டு பயப்படுகிறேன் என்றுதான் நினைத்தேன். அண்ணி என்னைத் திரைமுன் உட்காரவைத்து அந்த மாயத்தை உடைத்துக் காட்டினார். ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறது. அதே காட்சியைத் திரும்பப் போட்டு, அடியில் காதுக்குக் கேட்டும் கேட்காத ஒரு உறுமலை வைத்தார். படத்தைச் சற்று மெதுவாக்கினார். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தார். அதே பிள்ளைகள், அதே சிரிப்பு. அவர்களுக்குப் பின்னாலிருந்த இருட்டு மூலையை என் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒன்றுமே இல்லை.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்க வேலை அரள வைக்கிறதுதான். பேயை அவங்களே கொண்டாந்துடுவாங்க” என்றார்.

கதவு என்றால் கைப்பிடி திரும்புவதைக் காட்டுவார்; கதவு திறப்பதற்குள் திரையைக் கறுப்பாக்கிவிடுவார். முதலில் ஒரு பூனையைத் தாவவிட்டு, அட பூனைதானா என்று மூச்சு விடவைத்து, அந்த மூச்சு முடிவதற்குள் உண்மையானதைக் கொண்டுவருவார். போகப்போக ஒவ்வொரு துண்டையும் சின்னதாக்குவார். பார்க்கிறவர்களுக்கு மேல்மூச்சு வாங்கும். எல்லாவற்றையும்விட அவர் நம்பியது ஒன்றை.

“சத்தத்துக்கு யாரும் பயப்படறதில்லம்மா. சத்தம் நிக்கும் பாரு, அங்கதான் பயம்.”

இப்படி இருக்கும்போதுதான் அந்த வீட்டுப் படம் வந்தது. ஒரு பழைய வீடு மூச்சு விடுகிறது என்பது கதை. இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இன்னும்கொஞ்சம்’. எதைக் காட்டினாலும் “இன்னும் கொஞ்சம் பயம் வேணும் மேடம்” என்பார். மூச்சுச் சத்தத்துக்காக அண்ணி வாங்கிப் போட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, “இது என்ன, பஸ்ஸைப் பிடிக்க ஓடினவன் மூச்சு மாதிரி இருக்கு? இந்த வீட்டுக்கு வயசாயிடுச்சு. சாகவும் மாட்டேங்குது. அந்த மூச்சு வேணும்” என்று சொல்லிவிட்டார்.

ஸ்பீக்கர் போனில் அவர் பேசியது அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. பின்னறையிலிருந்து அண்ணன் சொன்னான்: “ஏய், அந்தாளு என்னைத்தான் தேடறான்.”

அண்ணி ஒப்புக்கொள்ளவே இல்லை. நானும் சண்டைக்கே போனேன். “உயிரோட இருக்கிற மனுஷன் மூச்சை எடுத்துப் பேய்க்குக் குடுக்கிறதா? வீட்டுல விளங்குமா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று அண்ணனைத் திட்டினேன். எனக்கு அது கெட்ட சகுனமாகப் பட்டது.

அவன் கோபப்படவில்லை. “குட்டி, இந்த மூச்சு வீட்டுல சும்மாதானே கிடக்கு? ஒரு வேலைக்குப் போயிட்டு வரட்டுமே” என்றான். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு ஆசை. பட்டறையைவிட்டு வந்ததிலிருந்து அவனை யாரும் எதற்கும் வேண்டும் என்று கேட்டதில்லை. அதற்குமேல் எங்களால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு அவன் தூங்கும்போது அண்ணி பதிவு செய்தார். மூச்சு உள்ளே போகும்போது ஒரு உராய்தல், நடுவே சின்னதாக ஒரு தடுக்கல், வெளியே வரும்போது நுனியில் ஒரு விசில். எங்களுக்குப் பழகின சத்தம்தான். அதை எடுத்து, முடிந்த இடத்தில் மறுபடி ஆரம்பிக்கிற மாதிரிக் கோத்து, டிரைலரில் இடது பக்கத்தில் வைத்தார். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு யாரோ இடது தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருக்கவேண்டுமாம். இரண்டு மூச்சும் ஒன்றாகக் கேட்டால் வெட்ட முடியாது அல்லவா? அதனால் பின்னறை மைக்கின் சத்தத்தை, மேஜையிலிருந்த பட்டனை இறக்கி அடக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். பிறகு வேலையில் மூழ்கிவிட்டார். இடது காதில் அண்ணன் மூச்சு வந்துகொண்டேதான் இருந்தது. அது பதிவு செய்த மூச்சு.

அன்று பிற்பகல். தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைகளுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார். ஹால் முழுக்க அண்ணன் மூச்சு நிரம்பியது. என் கால் நிற்கவில்லை.

“ஏம்மா, பயமா இல்லையா?” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

“இல்ல அண்ணி. அண்ணன் பக்கத்துல படுத்துத் தூங்கற மாதிரி இருக்கு. எனக்கே தூக்கம் வருது.”

“நல்லா இருக்கு போ. ஊரே நடுங்கப்போகுது, உனக்குத் தாலாட்டா?”

அடியில் அந்த உறுமலைச் சேர்த்துப் போட்டார். அப்போதும் மிஷின் ஓடியது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு யார் பயப்படுவார்கள்? அது வந்துகொண்டிருக்கிறவரை அவன் இருக்கிறான் என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயம் அத்தனை வித்தை தெரிந்த அண்ணிக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் எரிச்சலோடு ஏதோ தட்டினார். மறுபடி மூச்சு ஆரம்பித்தது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. உள்ளே.

வெளியே வரவில்லை.

என் கால் அப்படியே நின்றது. கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

“நின்னுடுச்சு! நின்னுடுச்சு!” என்று அண்ணி கைதட்டிச் சிரித்தார். கதவு வழியாக அவர் முகம் தெரிந்தது. இத்தனை நாள் பிடிபடாதது பிடிபட்ட சந்தோஷம் அதில். டிரைலர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரை கறுப்பாக, சத்தமில்லாமல்.

பிறகு அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த அமைதியில் வேறொன்று கேட்டிருக்கவேண்டும். வயர் போகிற கதவு எப்போதும் கொஞ்சம் திறந்தேதான் இருக்கும்; வீடு ஓய்ந்திருந்தால் பின்னறை மூச்சு ஹால்வரை வரும். வரவில்லை. ஆக்ஸிஜன் மெஷினின் ‘உம்ம்’ மட்டும் வந்தது. அண்ணியின் கை தானாக இடது காதுக்குப் போனது. காதில் ஒன்றுமில்லை, ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. அவர் பார்வை மேஜைக்கு, இறக்கி வைத்த அந்த ஒரு பட்டனுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்த முகத்தை எந்தப் பேய்ப் படத்திலும் நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

பல்லிக்குப் பயப்படுகிறவர்தான் முதலில் ஓடினார். வாய் கிழியப் பேசுகிற நான் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் கால் வந்தது.

தண்ணீர் எடுப்பதற்காகச் சக்கரம் வைத்த மருந்து மேஜையை அண்ணன் தன் பக்கம் இழுத்திருக்கிறான். சக்கரம் குழாயின்மேல் ஏறி நசுக்கிவிட்டது. பழைய மெஷின், அதன் எச்சரிக்கை மணி எப்போதோ ஊமையாகியிருந்தது. பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்து கிடந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது. கையில் மைக். அதை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தான். உதடு அசைந்ததா, எனக்குத் தெரியாது. அசைந்த மாதிரி இருந்தது.

அண்ணி மேஜையை ஒரே தள்ளாகத் தள்ளினார். மருந்துப் புட்டிகளெல்லாம் உருண்டன. அவனை நிமிர்த்தித் தன்மேல் சாய்த்துக்கொண்டு, “விடுங்க, மூச்சு விடுங்க, விடுங்க” என்று மார்பைத் தடவினார், தட்டினார், அடித்தார். நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். எங்கள் வீட்டு விலாசமே மறந்துவிட்டது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. அந்த உராய்தல். நடுவில் தடுக்கல். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி அழவில்லை. கழுத்தில் ஹெட்போன் அப்படியே கிடந்தது. “என் காதுல அவர் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தாரும்மா. நல்லா கேட்டுச்சு” என்றார். சற்றுக் கழித்து அதையே மறுபடி சொன்னார். மறுபடியும். சகுனம் சொன்னேனே, கேட்டீர்களா என்று திட்ட நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனைக் கழற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம். டாக்டர் வந்து பிழைத்துக்கொண்டான் என்று சொன்னபிறகும் அண்ணி உட்காரவில்லை.

அண்ணி வீட்டில் வெட்டுவதெல்லாம் ஸ்டுடியோவுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இயக்குநர் ‘இன்னும்கொஞ்சம்’ அதைப் பார்த்திருக்கிறார். மூச்சு நின்றபிறகு வரவேண்டிய எதையும் அண்ணி வைத்திருக்கவில்லை. அந்தக் கறுப்பு நீண்டு, நீண்டு, கடைசியில் படத்தின் பெயர் வருகிறது. எந்த டிரைலரிலும் அவ்வளவு நேரம் யாரும் சும்மா விடமாட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர், “போதும் மேடம், இதுக்குமேல தொடாதீங்க” என்றார். அப்படியே வெளியிட்டார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் ஜனங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்களாம். அவ்வளவு நேரம் விடலாம் என்று எப்படித் தோன்றியது என்று பலர் அண்ணியிடம் கேட்டார்கள். அவர் போனை வைத்துவிடுவார்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அண்ணி தன் மேஜையைப் பின்னறைக்கே நகர்த்திக்கொண்டார். மைக்கைக் காணோம், எங்கே எறிந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று மைக்கின் சத்தம் இறக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதை அவனிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். நாள் போகப்போக வாய் வரவில்லை.

அவன் டிரைலரைப் பார்த்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தான். “நான் வேலை பார்த்த படம், நானே பார்க்கலைன்னா எப்படி?” என்றான். ஒரு பகல்பொழுதில், ஜன்னலைச் சாத்திவிட்டு, அண்ணி வேண்டாவெறுப்பாகப் போட்டார். வீடு வந்தது. கைப்பிடி திரும்பியது. அவன் மூச்சு ஸ்பீக்கரிலிருந்து எழுந்தது. தன் மூச்சைத் தானே கேட்டு அவன் தலையாட்டினான். அண்ணி திரையைப் பார்க்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே, வெளியே. உள்ளே.

கறுப்பு.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கட்டில் பக்கம் திரும்பினோம். அங்கேயும் மூச்சு இல்லை. கண் மூடியிருந்தது. மார்பு அசையவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி அவன்மேல் பாய்ந்தார்.

அவன் கன்னம் உப்பியிருந்தது. ‘புஸ்’ஸென்று விட்டுவிட்டுச் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். “ஏன், நீ மட்டும்தான் ஊரைப் பயமுறுத்தலாமா?”

அடிக்க ஓங்கின அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இடது காதை அவன் நெஞ்சில் வைத்தார். அவன் சிரிப்பு நின்றது.

அப்படியே சாய்ந்தபடி அண்ணி கேட்டார்: “அன்னிக்கு மைக்ல என்ன சொன்னீங்க?”

“வேற என்ன? வான்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.”

“பயமா இருந்துச்சா?”

“எதுக்குப் பயம்? இடது காது எனக்குத்தானே. நீ கேட்டுட்டே, வந்துக்கிட்டிருக்கேன்னு தெரியும். கொஞ்சம் லேட்டா வந்தே. ஆனா வந்துட்டேல்ல?”

அண்ணி தலையைத் தூக்கவில்லை. என்னை மட்டும் ஒருமுறை பார்த்தார். நான் ஹாலுக்கு வந்து மிஷின்முன் உட்கார்ந்தேன். தைக்க வேண்டிய சட்டைகள் குவிந்து கிடந்தன. மிதிக்கக் கால் வரவில்லை.